சோதனை அழைப்பு

பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
அழைப்புகள் குறைவாக வரும் நேரம் என்று
தலைநகரில் யாரோ கணக்குப் போட்டுத் தந்த நேரம்.
நெப்ராஸ்காவின் மணல்மேடுகளுக்கு நடுவே
ஷெரீஃப் அலுவலக நிலவறையில்
மண்டியிட்டிருக்கிறேன்.
முன்னே ஒரு செம்புக் கம்பிக் கத்தை,
என் மணிக்கட்டளவு தடிமன்.

இந்தக் கவுண்டியின் அலறல் எல்லாம்
இதுவரை இதற்குள்தான் வந்தது:
மாரடைப்பு, வைக்கோல் தீ,
குளியலறைக்குள் பூட்டிக்கொண்ட பிள்ளை,
ஒருமுறை சமையலறைக்குள் நுழைந்துவிட்ட காளை
(நம்ப மாட்டீர்கள், பதிவேட்டில் இருக்கிறது).

மேலே ட்வைலா ஹ்ராபக்
ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு
சூரியகாந்தி விதை கொறிக்கிறாள்.
"ஆச்சா?"
"இல்லை."
"ஆச்சா?"
"ட்வைலா, இரண்டாவது பாதையே இன்னும் பிடிபடவில்லை."

இனி எல்லாம் பொட்டலம் பொட்டலமாய்ப் போகும்.
ஒரு 'காப்பாத்துங்க' பல துண்டாய் உடைந்து
ஒமாஹா வழியாகச் சில, லிங்கன் வழியாகச் சில என ஓடி
இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும்.
கேட்கிற காதுக்குத் தையல் தெரியாது.
கவுண்டிக் கூட்டத்தில் இதை விளக்கியபோது
பண்ணைக்காரர் க்ளைட் ஒட்டே கேட்டார்:
"ஒரு துண்டு வழி தவறினால்?"
தவறும்தான், மற்றவை நெருங்கி நின்று
அந்த இடைவெளியை மூடிக்கொள்ளும் என்றேன்.
அடுத்த கேள்வி செலவைப் பற்றி.

நான் அங்கே சொல்லாதது:
ஆறு வருடம் முன்பு, நவம்பரில்,
நையோப்ரரா ஆற்றின் இக்கரையில்
என் தம்பி லெலண்ட் வண்டியோடு கவிழ்ந்தான்.
கைப்பேசி பிடித்த கோபுரம் அக்கரையில்.
மணி அக்கரைக் கவுண்டியில் அடித்தது.
எடுத்தவர் நல்லவர்.
பதிவைக் கேட்டிருக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.
"என்ன தெரிகிறது உங்களுக்கு?"
"காற்றாலை. ஒரு காற்றாலை. வேலி."
அந்தப் பக்கத்தில்
காற்றாலையும் வேலியும் இல்லாத இடம் எது?
அழைப்பை அப்படியே இங்கே தள்ளிவிட வழியில்லை.
அவர் இன்னொரு தொலைபேசியில் ட்வைலாவைக் கூப்பிட்டு
வாயால் சொன்னார்.
பதினோரு நிமிடம்.
பத்தாவது வரை அவன் பேசிக்கொண்டிருந்தான்,
கடைசியில் வானிலையைப் பற்றி.

நாலரைக்குப் பச்சை விளக்கு.
சோதனை அழைப்பு வெளியிலிருந்து வர வேண்டும்,
அது விதி.
எங்கிருந்து என்பது என் இஷ்டம்.
நாற்பது நிமிடம் ஓட்டினேன்.
பனி. வேலி. அந்தக் காற்றாலை,
இப்போது ஓர் இறக்கை குறைவு.

மூன்று எண்கள்.
ஒரு மணிகூட முழுதாய் அடிக்கவில்லை.
"911, உங்கள் அவசரம் எங்கே?"
"இது சோதனை அழைப்பு. அவசரம் எதுவும் இல்லை."
எனக்கு எழுதிக் கொடுத்த வாசகம் அவ்வளவுதான்.
அவளும் எழுதியதைத்தான் படிக்க வேண்டும்:
வரிசை எண், நேரம், இடம்.
வரிசை எண் சொன்னாள். நேரம் சொன்னாள்.
விதை கொறிக்கும் சத்தம் நின்றது.
வரைபடத்தில் புள்ளி விழுந்துவிட்டது.
அந்த வளைவு அவளுக்கும் தெரியும்.

"இக்கரை," என்றாள்.
படிவத்தில் அந்தச் சொல்லுக்குக் கட்டம் இல்லை.
பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை,
ஐந்து தசம இடம் வரை,
அவசரப்படாமல், ஒவ்வோர் எண்ணாக.
எழுதிக்கொண்டேன்.
விரல் விறைத்து, என் ஏழெல்லாம்
ஒன்று போல் விழுந்தன.

"பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி," என்றாள்,
"வண்டிக்குள் ஏறித் தொலை."
அவள் பின்னால் இன்னொரு மணி அடித்தது.
அது சோதனை இல்லை.
சொல்லிக்கொள்ளாமல் துண்டித்தாள்.
அப்படித்தான் துண்டிக்க வேண்டும்.