பூசைக்கு முன்

குளச்சல்காரனிடம் வாங்கிய பழைய வண்டி.
கருங்கல் இறக்கத்தில் நாற்பதைத் தாண்டினால்
பின்சக்கரம் முனகும்.
ஆக்சிலை உருவினேன்.
பியரிங்குக்குள் கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில்
துரு,
கூடவே ஒரு சிட்டிகைக் கடல்மணல்.

புதிய இரண்டையும்
முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் வைத்திருந்தேன்,
குளிரில் கொஞ்சம் சுருங்கட்டும் என்று.
விடியலில் சாளை எடுக்கப்போன புஷ்பலீலா கேட்டாள்:
"இது எந்தக் கரமடியில பட்டுது?"

ஹப்பின்மேல் கொதிநீர்.
ஆவி அடங்குமுன்
பழைய வளையத்தை மேலே வைத்துச் சுத்தியலால் அடித்தேன்.
ணங், ணங் என்று கேட்டுக்கொண்டே இருந்து
திடீரென்று
டொக்.
இடம் சேர்ந்துவிட்டது.
மறுபக்கமும் டொக்.
விரல்விட்டுச் சுழற்றினேன்.
குருசடி மைக்செட்டுக்கு நடுவிலும்
சத்தம் இல்லாதது
நன்றாகக் கேட்டது.

கை கழுவ எழுந்தேன்.
காலில் தட்டி உருண்டது
இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய
இரும்புக் குழல்.

இனித் தட்டி எடுத்தால் புதுசும் பாழ்.
ஞாயிறு, மார்த்தாண்டத்தில் கடை கிடையாது.

பூசை முடிந்து வந்தவள்
சக்கரத்தைப் பார்த்தாள்,
குழலைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
ஃப்ரீசரைத் திறந்து
மீனை ஒரு ஓரமாய் ஒதுக்கினாள்.