பத்தாவது கோடு

என் படகில், எஞ்சின் மூடிக்கு மேலே
ஒன்பது கோடுகள். சிவப்பு வண்ணம்.
தீவுக்கு நான் ஏற்றிவந்து
பிறகு பெட்டியோடு திருப்பிக் கொண்டுபோய் விட்ட
ஒன்பது மருத்துவர்கள்.
கெட்டவர்கள் இல்லை, யாரும்.
ஒருவர் எங்கள் உருளைக்கிழங்கின் பெயர்களையெல்லாம் எழுதிக்கொண்டார்.
ஒருத்தி கண்ணை மூடி என் சட்டையைப் பிடித்தபடி வந்தாள்,
அப்படியே போனாள்.
சிலோயேயில் மழைக்கு விடுமுறை கிடையாது.
சாந்தியாகோவில் அவர்களுக்காக யாரோ காத்திருந்தார்கள்.

ஆறாவது கோடு போட்ட வருடம்
சுகாதார நிலையத்தையே இடம் மாற்றினோம்.
எங்கள் தீவுகளில் வீட்டை இடிப்பதில்லை, இழுப்போம்.
அடியில் மரத்தடிகள், முன்னால் எட்டு ஜோடி மாடு,
கயிற்றில் ஊர் முழுக்க.
மேட்டிலிருந்து படகுத்துறை வரை
ஒரு சன்னல் கண்ணாடிகூட உடையவில்லை.
இரவெல்லாம் ஆட்டிறைச்சி, ஆப்பிள் மது.
காலையில் பூட்டைத் திறந்தோம்:
எடைக்கருவி இருந்தது, நாற்காலி இருந்தது,
உட்கார ஆள் இல்லை.

"வீட்டை இழுக்கத் தெரிந்த ஊருக்கு
ஆளை உண்டாக்கத் தெரியவில்லை"
என்றாள் எதெல்மீரா நவுவெல்கின்,
கடற்பாசிப் பெண்கள் சங்கத்தில்.
நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
அந்த ஜூலையில், கடற்படை துறைமுகத்தை மூடிய மூன்றாம் நாள்
அவள் தம்பிக்கு மூச்சுத் திணறியது.
டீசல் இருந்தது. நான் இருந்தேன்.
அலை விடவில்லை.

பிறகு கூட்டத்தின் மேல் கூட்டம்.
சிப்பி ஆலை மேலாளர் ஷிப்டை மாற்ற முடியாது என்றார்,
மூன்று வாரம் கழித்து வியாழன் மட்டும் முடியும் என்றார்.
காஸ்த்ரோவின் தொழிற்கல்லூரி
மாதம் இருமுறை ஓர் ஆசிரியையை அனுப்பியது.
பாதிரியார் கூடத்துச் சாவியைத் தந்தார், விறகைத் தரவில்லை.
விறகு சங்கத்தினுடையது.
டீசல் நகராட்சியினுடையது; பாதி நேரம் என்னுடையது.

சேர்ந்தவர்கள் ஐந்து பேர்.
எதெல்மீரா.
ஆலையில் ஓடு பிரிக்கும் விஸ்லாந்த்;
ஹைட்டியில் நாலு வருடம் பிரசவ அறையில் நின்றவள்,
அந்தச் சான்றிதழ் இங்கே வெறும் காகிதம்.
வெனிசுவேலாவிலிருந்து பாலைவனம் நடந்து வந்த யொர்தானிஸ்.
எலியெஸெர் பரியா, காது மந்தம்,
ஆனால் ஒரு வீட்டு நாயும் அவனைக் குரைக்காது.
ஐந்தாவது, மேலாளரின் மைத்துனி.

நான்தான் சொன்னேன், வெட்கத்தோடு எழுதுகிறேன்:
"கிழவன் ஒயார்சோ அந்தக் கறுத்த கையைத்
தன்மேல் படவிட மாட்டான்."
விடவில்லை. முதல் மாதம் கதவே திறக்கவில்லை.
இரண்டாம் மாதம் அவள் வாசலில் நின்று
அவன் மாத்திரைகளின் பெயர்களை வாசித்தாள்.
உள்ளிருந்தே உச்சரிப்பைத் திருத்தினான்.
அதுவும் ஒரு பேச்சுதானே.

ஆகஸ்டில் மறுபடி துறைமுகம் மூடியது.
இரவு இரண்டு மணிக்கு ஒயார்சோவின் மகன்
என் கதவைத் தட்டினான், வழக்கப்படி.
பூட்ஸை மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தேன், வழக்கப்படி.
அப்புறம்தான் உறைத்தது,
படகு வேண்டாம்.

கிழவனை ஒரு கதவின் மேல் கிடத்தித் தூக்கிப் போனோம்.
நிலையத்தில் விளக்கு எரிந்தது.
எதெல்மீரா வானொலியில் எண்களைச் சொன்னாள்,
கரையில் ஒரு மருத்துவர் கேட்டுக் கேட்டுச் சொன்னார்.
விஸ்லாந்த் முகமூடியை அவன் மூக்கில் பொருத்தினாள்.
விடியும் வரை அந்தக் கையை அவன் விடவில்லை.
விடிந்ததும் மறுபடி உச்சரிப்பைத் திருத்தினான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
சம்பளம் மூன்று பேருக்குத்தான், அதுவும் ஜூன் வரை.
யொர்தானிஸ் இன்னும் இரவில் சிப்பி பிரிக்கிறான்.
மைத்துனி புன்டா அரேனாஸ் போய்விட்டாள்,
நான்தான் கொண்டுபோய் விட்டேன்.
இதற்கும் கோடு போடலாமா என்று டப்பாவைத் திறந்தால்
வண்ணம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

பத்தாவது மருத்துவர் திங்களன்று வருகிறார்.
பெட்டி கனம் என்று கேள்வி.
துறையில் நால்வரும் நிற்பார்கள்,
எலியெஸெரின் பின்னால் ஊர் நாய்கள் எல்லாம்.