இரண்டாவது போன்

என்னிடம் இரண்டு போன்.
ஒன்று என்னுடையது, மூலையில் கீறல் விட்டது.
இன்னொன்று கம்பெனியுடையது.
அதில் நான் ஒரு ஷூ.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தைத்து
பெட்டி கட்டி அனுப்புகிற ஷூவுக்கு
வாய் கிடையாதல்லவா,
அதன் வாய் நான்தான்.
காலையில் "இனிய வியாழன்" சொல்வேன்.
தீபாவளிக்கு விளக்கு, ரம்ஜானுக்குப் பிறை,
மகளிர் தினத்துக்குக் குதிகால் உயர்ந்த ஒரு ஜோடி.
தையல் பிரிந்ததென்று ஒருவர் என் அம்மாவை இழுத்துத் திட்டினால்
சிரமத்துக்கு வருந்துகிறோம்,
ஆர்டர் எண்ணை இன்பாக்ஸில் அனுப்பவும்.

வருந்துகிறோம். பன்மை.
அந்த மற்றவர்கள் எங்கே என்று
நானும் தேடியிருக்கிறேன்.
திருவலம் பாலத்தின்மேல் கம்பெனி பஸ்ஸில்
ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு
இன்னொரு கையின் கட்டைவிரலால்
ஒருத்திதான் வருந்திக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் ஒருநாள்
சாம்பாரில் உப்பில்லை என்றான் தயானந்தன்.
"உங்கள் கருத்துக்கு நன்றி" என்றேன்.
சிரித்தான்.
நான் சிரிக்காததைப் பார்த்துக் கரண்டியை வைத்தான்.
"இன்னா ஆச்சு உனக்கு?"

என்ன ஆச்சு.
போன் மேஜைமேல் இருக்கும்போதே
வலது தொடை அதிர்கிறது.
சிநேகிதிகள் கொடைக்கானல் போனால்
பனியைப் பார்ப்பதில்லை நான்,
எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று பார்க்கிறேன்.
சித்தப்பா செத்த சேதியை நானே எழுதிப் போட்டேன்.
மதியத்துக்குள் முந்நூறு அழுகை முகம்.
நல்ல ரீச், என்று நினைத்தேன்.
இதைத் தயாவிடம்கூடச் சொல்லவில்லை.

பாகாயத்தில் ஒரு டாக்டர்,
ஏழு மணிக்குமேல் தொடாதீங்க என்றார்.
சொல்லி முடிப்பதற்குள் அவர் போன்
மூன்று தரம் விழித்து மூடியது.
மூன்று தரமும் இருவரும் அதைத்தான் பார்த்தோம்.

அக்னி நட்சத்திரத்தில் ஓர் இரவு.
மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றிப் பரிமாற
பதினொன்றே முக்காலுக்கு
வாணியம்பாடியிலிருந்து இர்ஃபானுல்லா என்பவர்.
இன்டர்வியூ வாசலில் அடிப்பாகம் கழன்றுவிட்டதாம்.
படமும் இருந்தது. ஷூ வாயைப் பிளந்திருந்தது.
வருந்துகிறோம், என்றேன்.
ஆர்டர் எண் கொடுத்தார்.
வருந்துகிறோம், என்றேன், அவசரத்தில் அதையே மறுபடி.

நீங்க மனுஷனா மெஷினா?

விரல் நின்றுவிட்டது.
அதற்கு டெம்ப்ளேட் இல்லை.
"மனுஷிதான்" என்று அடித்தேன்.
"காட்பாடி. கரண்ட் போய்ப் போய் வருது.
உங்களுக்கு வேலை கிடைச்சுதா?"

நெடுநேரம் மூன்று புள்ளிகள்
எழுந்து எழுந்து உட்கார்ந்தன.
"தெரியல. ஒரு காலைத் தேய்ச்சுக்கிட்டே உள்ள போனேன்.
ஷூவை ஒட்டிக்கிறேன். நீங்க தூங்குங்க மேடம்."

தூங்கவில்லை.
எழுந்துபோய்
கம்பெனி போனைப் பொன்னி அரிசி டிரம்மில் போட்டு
மூடியை அழுத்தினேன்.
உள்ளே வண்டு விழுந்த மாதிரி
கொஞ்ச நேரம் கிர்ரென்றது.

மறுநாள் ஃபையாஸ் சார் கூப்பிட்டார்.
கம்பெனிக்கு ஊர் கிடையாது, கரண்ட் கட் கிடையாது,
ஏன் டெம்ப்ளேட் போடலை?
போட்டேன் சார், இரண்டு தரம்.
ராத்திரி எட்டுக்குமேல் வேறு ஆள் பாருங்க என்றும் சொன்னேன்,
குரல் நடுங்கியது, ஆனாலும் என் குரல்தான்.
பார்க்கலாம் என்றார்.
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
நான் எட்டு மணிக்கு டிரம்மைத் திறக்கிறேன்.
சில நாள் பத்து. ஒருநாள் பன்னிரண்டு.
சாதத்தில் ஒருமுறை சார்ஜர் மூடி வந்தது.

போன ஞாயிறு லத்தேரி கேட்டில்
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நின்றேன்.
கூட்ஸ் வண்டி.
பக்கத்து பைக்காரர் படம் பிடித்தார்.
என் கை தானாகப் பைக்குள் போனது,
சில்லறையும் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயும்தான் இருந்தன,
முள் குத்தியது.
எண்ணத் தொடங்கினேன்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி,
நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம்.

கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக்கொடி ஆட்டினார்.
எனக்கில்லை அது.
நானும் கை ஆட்டினேன்.