நாய்களுக்கு மட்டும்

மருந்தை நான் உனக்குப் போடவில்லை, மிளகு.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியை வாசித்தேன். எடை சரி,
பத்துக்கு மேல், இருபத்தைந்துக்குள்.
வெள்ளவத்தைப் பல்கனியில் ஞாயிறு பின்னேரம்
கப்டனைக் கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்து
பிடரி மயிரை விலக்கி
தோலிலே படும்படி குழாயை நசுக்கினேன்.
இனி ஒரு மாதத்துக்குத் தெள்ளில்லை என்றேன்.
கைகூடக் கழுவினேன்.

கோச்சி போனால் ஜன்னல் நடுங்கும் வீடு இது.
அதனால் சாமத்தில் நீ நடுங்கியதை
கோச்சி என்றே நினைத்துப் புரண்டு படுத்தேன்.

கோச்சி போய்விட்டது.
உன் காது நிற்கவில்லை.
பிறகு முன்கால். பிறகு முதுகுத்தோல்,
உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல.
வாயோரம் நுரை. கண் முழுக்கக் கறுப்பு.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
டொக்டர் இந்துனில் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
பத்மலோஜினி எனக்குத் தமிழில் கத்தினாள்:
சுடுதண்ணி வேண்டாம், இளஞ்சூடு.
பாத்திரம் கழுவுற திரவம் போதும்.
துவாயால சுத்து. உடனே கொண்டு வரட்டாம்.

மழை. ரிஸ்மி ஓட்டோவில் மீட்டர் போடவில்லை,
தெஹிவளைச் சந்தியின் சிவப்புக்கும் நிற்கவில்லை.
என் மடியில் நீ தேசிக்காய் மணந்தாய்,
கழுவிக் கவிழ்த்த கோப்பைபோல,
கோப்பை உதறிக்கொண்டே இருந்தது.

ஊசியை ஏற்றிய பிறகு டொக்டர் கேட்டது ஒன்றுதான்:
பூனை இரவில் எங்கே படுக்கும்?

அதற்கு என்னிடம் படங்கள் இருந்தன.
போன் முழுக்க.
கப்டனின் பிடரியில் முகத்தைப் புதைத்து நீ.
மின்வெட்டு மாதங்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில்,
அவன் கழுத்தை நக்கிக்கொண்டு நீ.
சரியாக அந்த இடத்தை.

அவனுடைய ஈரல் அதை உடைத்துவிடுமாம்.
உன்னுடையதற்கு உடைக்கத் தெரியாது.

விடிய வீட்டுக்கு வந்து
குப்பைக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்தேன்.
ஃபார்மசி ஒட்டிய விலைத்துண்டை
நகத்தால் உரித்தேன்.
கீழே, பெருவிரல் நகமளவு,
குறுக்கே கோடிழுத்த ஒரு பூனை.

நாலாம் நாள் நீ வந்தாய்,
முன்கையில் மயிர் வழித்த ஒரு வெள்ளைச் சதுரத்தோடு.
கப்டனை இரண்டு தரம் குளிப்பாட்டியாயிற்று.
என்றாலும் கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன்,
நாட்காட்டியில் கோடு போடுகிறேன்.

அவன் வெளியே நிலத்தில் மூக்கை அழுத்திக் கிடக்கிறான்.
நீ கதவடி இடுக்கால்
கையை நீட்டி நீட்டி
அவனைத் தேடுகிறாய்.
நான் காலால் ஒரு பழந்துணியைத் தள்ளி
அந்த இடுக்கையும் அடைக்கிறேன்.