இரண்டேகால் மணித் திருப்பூர்

"எத்தனை நிமிசம் தொலைஞ்சா தாங்குவீங்க?"
முதலாளியைக் கேட்டேன்.
அவருக்குக் கேள்வியே அபசகுனம்.
"ஒண்ணும் தொலையப்படாதுங்."
ஒண்ணும் தொலையாததற்கு விலை சொன்னேன்.
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு
"சரி, ஒரு கால் மணி நேரம்" என்றார்,
கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குவதுபோல.

கால் மணி நேரம் என்றால்
எங்கள் கணக்கில் நானூறு பீஸ்,
ஹாம்பர்க் போகும் பெட்டியொன்றின் எடை,
நீலச் சாயத்தின் சேர்மானம்,
ஓவர்லாக் மாரக்காள் வாங்கிய முன்பணம்.

நிறுத்திவிட்டு நகலெடுக்க இந்த ஊரில் நேரமில்லை.
மூன்று ஷிப்டு. தீபாவளிக்கு ஓய்ந்தாலும்
ஷிப்பிங்கில் ஒருவன் உட்கார்ந்திருப்பான்.
ஓடுகிற நிட்டிங் மிஷினில்
துணியை அறுக்காமல்
நீளம் பார்க்கிற வேலை இது.

ஞாயிறு இரவு முழு நகல்.
மற்ற இரவுகளில் மாறியது மட்டும்.
கால் மணிக்கொரு முறை லாக்.
பெருந்துறையில் ஒரு பிரதி ஓடிக்கொண்டிருக்கும்,
காங்கேயத்தில், எந்த வயரும் தொடாத பேங்க் லாக்கரில்,
இன்னொன்று தூங்கும்.
தினமும் காலை மின்னஞ்சலில் ஒரு பச்சை டிக்.
பதினோரு மாதம், ஒரு நாள் தவறாமல்.

அந்தப் புதன்கிழமை எதுவும் நடக்கவில்லை.
நொய்யலில் தண்ணீர் வரவில்லை.
கரண்ட் போகவில்லை.
யாரும் எதையும் தெரியாமல் அழித்துவிடவில்லை.
பழைய சர்வர் ஒன்று சும்மா கிடந்தது,
நானும்.
நகலை எழுப்பித்தான் பார்ப்போமே என்று.

கோப்பு இருந்தது. அளவு சரி. செக்சம் சரி.
சாவி கேட்டது.

எந்தச் சர்வர் செத்தால்
இந்தக் கோப்பு வேண்டுமோ
அந்தச் சர்வருக்குள் மட்டும் இருந்தது சாவி.
பெருந்துறைக்கும் அதே பூட்டு. காங்கேயத்துக்கும்.

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.
ஜெனரேட்டர் சென்னியப்பன் பார்த்துவிட்டு,
"என்னுங் அம்மிணி, ப்ளீச்சிங் தொட்டியில விழுந்துட்டீங்களா?
மொகம் இப்பிடி வெளுத்துக் கெடக்குது?"
"ஒண்ணுமில்லைங்க" என்றேன்.
பொய்யில்லை. பதினோரு மாதமாக
எங்களிடம் ஒண்ணுமே இல்லை.

கீழே எண்ணூறு பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள்.
தங்கள் கூலி எங்கே எழுதியிருக்கிறது என்று
நினைக்கவே நேரமில்லாமல்.
அவர்கள் நினைக்காமல் இருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

சாவியை வெளியே எடுத்தேன்.
ஒன்று பேங்க் லாக்கருக்கு என்று உறையிலிட்டேன்.
அதைத் திறக்கும் சொல்லைத் தாளில் எழுதி
முதலாளியிடம் கொடுத்தேன்,
நடந்ததையும் சொல்லி.
"அதான் ஒண்ணும் ஆகலியல்லொ" என்றார்.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
அவர் மேசைக் காலண்டரை இழுத்து
மாதத்தின் முதல் புதன்களை எல்லாம் வட்டமிட்டேன்.
"அன்னிக்கு என்னுங் நோம்பி?"

எழுந்து நிற்க இரண்டு மணி நாற்பது நிமிடம் பிடித்தது.
அதையும் எழுதிவைத்தேன். அவர் கேட்கவில்லை, கேட்பார்.
லாக்குகளை ஒவ்வொன்றாய் ஓட்டி
இரண்டேகாலில் நில் என்றேன்.

நின்றது.
சும்மா கிடந்த சர்வருக்குள் ஒரு திருப்பூர்,
மதியம் இரண்டேகால்.
கட்டிங்கில் கழித்து, லைனில் இன்னும் வரவு வைக்காத பண்டல்
அங்கே கிளம்பவே இல்லை.
பாதியில் நிற்பதை அது ஒப்புக்கொள்ளாது,
புறப்பட்ட இடத்துக்கே திருப்பிவிடும்.
செக்கிங்கில் ஒதுக்கிய அறுபது பீஸும்
இன்னும் நல்ல பீஸ்.
மாரக்காள் கடன்காரி ஆகவில்லை.

வருகைப் பதிவைத் திறந்தேன்.
என் பெயர். உள்ளே வந்தது எட்டு ஐம்பத்திரண்டு.
வெளியே போனது, காலி.
சாவியைப் பற்றி
அவளுக்கு இன்னும் தெரியாது.
அந்நேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள்.
அரிசிம்பருப்பு என்று நினைக்கிறேன்,
ஆறிப்போயிருந்தது.