மூடி

மத்திய வீதியில் நிசார்தீன் கடை.
வெள்ளிக்கிழமை. அவர் பள்ளிக்குப் போகப் பூட்டுமுன்
எனக்கு அரை மணித்தியாலம் இருந்தது.

இரண்டு கோப்பைக்கு மேல் கொள்ளக் கூடாது என்றேன்.
"ஆக்கள் வந்தா?"
வந்தால் இன்னொரு தரம் ஊற்றுவேன்.

வைக்கோல் ஒட்டிய பெட்டியிலிருந்து
ஏழெட்டு ரீபொட்டுகளை மேசையில் பரப்பினார்.
சுண்டிப் பார்த்தேன்.
ஒன்று வெண்கலம் போல் பேசியது,
ஒன்று தடிமன் பிடித்தவர் போல.
மூக்கின் நுனி கழுத்தைவிடத் தாழ்ந்ததைத் தள்ளி வைத்தேன்,
நிறையுமுன்னே சிந்திவிடும்,
எங்கள் கந்தோர்ப் பத்மசீலனிடம் சொன்ன இரகசியம் மாதிரி.

தண்ணீர் கேட்டேன்.
சிரித்துக்கொண்டே போத்தலை நீட்டினார்,
கணக்குக் கொப்பியை மட்டும் தூரத் தள்ளினார்.
தேன் நிறத்தது ஒன்றுதான்
நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தியது.
தாடையில் ஒரு சொட்டு இல்லை.
ஆனால் மூடி ஆடியது.
பக்கத்திலிருந்த பாசிப்பச்சையின் மூடியை எடுத்துப் போட்டேன்.
டக்.

"அப்ப பச்சைக்கு?"
"இந்த மூடியைப் போடுங்கோ."
"அது ஆடுமே, தங்கச்சி."
"ஆடுறதப் பிடிச்ச ஆக்களும் இருக்குதானே."
நூறு ரூபாய் குறைத்தார்,
யாருடைய வெட்கத்துக்கு என்று தெரியவில்லை.

லிங்கநகரில் எங்கள் கிணறு சுண்ணாம்புக் கிணறு,
கேத்தில் அடியில் ஓடு கட்டும்.
ஆகவே இதற்கு மழைத்தண்ணீர், இல்லாவிட்டால் போத்தல்.
முதலில் கொஞ்சம் வெந்நீர்,
உள்ளங்கையில் உடம்பு சுடும்வரை சுற்றி,
கொட்டிவிட்டுப் பிறகுதான் தேயிலை.
சவர்க்காரம் ஆகாது.
கழுவினால் மூடியைக் கழற்றி வைக்க வேண்டும்.

ஒருமுறை மறந்தேன்.
கொழும்பில் ஒரு கிழமைப் பயிற்சி,
திரும்பி வந்து திறந்தால்
உள்ளே பூனைக்குட்டி மயிர் போல் பூஞ்சணம்.
அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் போட்டு
இரவு முழுக்க ஊற விட்டேன்,
ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டு வந்தவள் போல்
இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன்.
காலையில் மணம் போயிருந்தது.
மெருகில் மட்டும் மயிர்க்கோடுகள்.
ஒழுகவில்லை.
இப்போது அவற்றில் சாயம் இறங்கி
கொட்டியாரக் குடாவில் ஆறு பிரிகிற இடம் போல் இருக்கிறது.
நான் வரைந்ததல்ல.
நில அளவைக் கந்தோரில் பதினொரு வருடம்,
இப்படி ஒரு நேர்த்தி என் கைக்கு வந்ததில்லை.

எல்லை அளக்கப் போகிற வீடுகளில்
"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பார்கள்.
முன்பு வேலையைச் சாட்டி மறுப்பேன்.
இப்போது சரி என்று சொல்லி
சங்கிலியைச் சுருட்டி வைத்துவிட்டு உட்காருகிறேன்.
உப்புவெளி, சீனக்குடா, எந்த வீடானாலும்
ஒரு காது குசினிப் பக்கம்,
பச்சை உடம்பில் தேன் நிற மூடி
ஆடுகிற சத்தத்துக்கு.

பிளாஸ்க்குதான் வருகிறது.
பாலையூற்றில் மட்டும் ஒருநாள்
உள்ளே ஏதோ கிணுகிணுத்தது.
எழும்பியே விட்டேன்.

பூனை.