இறங்குவரிசை

மதியம் இரண்டிலிருந்து நான்குவரை
திருத்துறைப்பூண்டியில் யாருக்கும் நோய் வருவதில்லை.
முதலாளி சாப்பிடப் போயிருப்பார்.
அப்போதுதான்
டப்பாக்களைத் திருப்பிவைத்துப் படிப்பேன்.
முன்பக்கம் ஒருத்தி சிரிக்கிறாள்,
அவளிடம் கேட்க ஒன்றுமில்லை.
பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

முதல் பெயர் அக்வா.
தண்ணிக்குத்தான் அந்தப் பேர் என்று தெரிந்த அன்று
தனியாக நின்று சிரித்தேன்.
அறுபது ரூபாய் லோஷனிலும் தண்ணி முதலில்,
அறுநூற்று நாற்பதிலும் தண்ணி முதலில்.
எங்கள் ஊருக்கு மட்டும்
கடைசியில்.

பிறகு கிளிசரின்.
பிறகு செட்டைல் ஆல்கஹால்:
பெயரைக் கேட்டு டாஸ்மாக்கை நினைக்க வேண்டாம்,
மெழுகு மாதிரி ஒரு சாது.
இரண்டு லோஷனிலும் ஐந்தாவது பெயர்வரை
ஒரே ஆட்கள், ஒரே வரிசை.

இதற்கொரு சட்டம் உண்டு.
அதிகம் இருப்பது முன்னால்,
குறைவாக இருப்பது பின்னால்.
எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
நான் வாய்க்கால் முடிகிற இடத்தில் பிறந்தவள்.
தலைமதகில் நாற்று முங்கிக் கிடக்கிற நாளில்
எங்கள் வரப்பு வெடிப்புக்குள் நண்டு காய்ந்திருக்கும்.
பொதுப்பணித்துறை வரைபடத்தில்
நீலக்கோடு எங்கள் வயல்வரை வருகிறது.

பினாக்ஸி எத்தனால் என்று ஒரு பெயர்.
கெட்டுப்போகாமல் காக்கிறவன்.
நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் அவனுக்கு இடமில்லை.
அவன்தான் கடைசி ஷட்டர்.
அவனுக்குக் கீழே கடைமடை:
குங்குமப்பூ, பாதாம், சந்தனம்,
முன்பக்கம் தட்டு நிறையக் கொட்டிப் படம் எடுத்த அத்தனையும்.
ஒன்றுக்குக் கீழே போய்விட்டால்
வரிசைகூடக் கிடையாதாம்,
யாரும் எங்கேயும் நிற்கலாம்.
அதையும் பார்த்திருக்கிறேன்,
மண்வெட்டியோடு, ராத்திரியில்.

முத்துப்பேட்டை மெஹராஜ் ஒரு புட்டி கொண்டுவந்தாள்,
ஷார்ஜாவிலிருந்து வீட்டுக்காரர் அனுப்பியது.
இதைப் போட்டும் முடி தேங்காய்நார் என்றாள்.
இரண்டு ரூபாய் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
நுரைக்கிறது இரண்டிலும் ஒன்றுதான்.
பாக்கெட்டில் ஒரு சொல் கூடுதல்:
டைசோடியம் இடிடிஏ.
தண்ணியிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்துவைக்கிற ஆள்.
பாவம், ஷார்ஜா புட்டிக்கு
நம் போர் தண்ணியைத் தெரியாது என்றேன்.
பன்னிரண்டு பாக்கெட் சரமாகக் கிழித்துக் கொடுத்தேன்.
புட்டியை அவள் துண்டில் சுற்றித் திரும்ப வைத்துக்கொண்டாள்.

ஜென்னி வந்தது போன வியாழன்.
கட்சிக்காரர் மகள்.
ஆவணியில் கல்யாணம்.
மாப்பிள்ளை வீட்டில் யாரோ
போட்டோவில் வெளிச்சம் பத்தலை என்றார்களாம்.
அந்தச் சிவப்பு மூடி ட்யூப் என்றாள்,
திருடுகிற குரலில்.

திருப்பிக் காட்டினேன்.
ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்.
மூன்றே பெயர்.
இங்கே என் வாய்க்கால் கணக்கு செல்லாது.
ஆயிரத்தில் ஒரு பங்கு ஸ்டீராய்டு,
மாசக்கணக்கில் தடவினால்
தோல் வெங்காயத்தாள்.
விட்டால் முகம் தீ.
டாக்டர் சீட்டு இருக்கா என்றேன்.
அவள் கன்னத்தில் ஏற்கெனவே
சிவப்பு நூல் நூலாக நரம்பு.
இது எத்தனையாவது ட்யூப்?

அப்ப எதைத்தான் போடறது, அக்கா?

தோல் டாக்டர் பெயரை ரசீதின் பின்னால் எழுதினேன்.
கூடவே பத்து ரூபாய் டப்பா ஒன்று:
பெட்ரோலாட்டம்.
பட்டியலில் ஒரே பெயர்,
தலைமதகும் அவனே கடைமடையும் அவனே.
நிறம் தராது.
அவள் சிரித்தமாதிரி இருந்தது.

எதிர்க்கடை வாசலில்
பச்சை ஸ்கூட்டி ஐந்து நிமிடம் நின்றது.
நான் ஷெல்ஃபைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு முதலாளி வந்தார்,
ட்யூப்களை எண்ணினார்,
ஒன்றும் போகலையா என்றார்.
கை கழுவப் பின்பக்கம் போனேன்.
சோப்பைத் தேய்க்கத் தேய்க்க
நுரை வரவில்லை.